பர்னஸுக்குப் போகாத கொக்கிகள்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: முதலாளி. முதலாளியின் மருமகன், வெளிநாட்டில் இரண்டு பட்டம் வாங்கியவர், கம்பெனி முழுக்க அவருக்கு மாப்பிள்ளை சார் என்றுதான் பெயர். டிசைன் பார்க்கும் நித்யா. வேலையில் சேர்ந்து ஆறு மாதம். நாமக்கல்லில் இருந்து போஸ்டர் அடிக்க வந்த ஒருவர். எந்த எழுத்து பெரிதாக வர வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கவலை. கடைசியாக நான், பர்னஸ் என்கிற சூட்டு உலையைப் பார்ப்பவள். எனக்கு நாற்காலி இல்லை. கதவோரம் நின்றேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் வேலை அனுபவத்தை நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஆபீஸில் கேட்டார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். நாலு பக்கத்தில் நாலு பாடம் எழுத எனக்கு வராது. ஒன்று எழுதுகிறேன். அது நான் செய்த தப்பு. மற்றவர்கள் செய்ததும் அதில் இருக்கிறது. அதையும் விடப் போவதில்லை.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் கையில் இது போனால் அவர்களுக்காக: அலுமினியப் பொடியை மெல்லிசாகப் பரப்பி லேசரால் உருக்குகிறோம். அதன் மேல் இன்னொரு பரப்பு. அதன் மேல் இன்னொன்று. ஆயிரக்கணக்கில் பரப்பு ஏறினால் ஒரு சாமான் எழுந்து நிற்கும். இதற்கு இங்கே பிரிண்ட் என்று பெயர். பார்க்க வந்தவர்கள் கைதட்டுவார்கள். கைதட்டி முடிந்ததும் அது என்னிடம் வரும். பர்னஸில் வைத்து, அளந்த சூட்டில் இரண்டு மணி நேரம் விட்டு எடுப்பேன். அதற்கு யாரும் கைதட்டியதில்லை. உள்ளே போனது எப்படி இருந்ததோ அப்படியேதான் வெளியே வரும். கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது.

தெரிய வேண்டுமென்றால் இழுத்துப் பார்க்க வேண்டும். அதே பொடியில் செய்த கம்பியை மெஷினில் மாட்டி இரண்டு பக்கமும் இழுத்தால் இரண்டு எண் வரும். எவ்வளவு இழுப்பைத் தாங்கியது என்பது ஒன்று. அறுவதற்கு முன் எவ்வளவு நீண்டது என்பது மற்றது. பர்னஸுக்குப் போய் வந்தால் முதல் எண் இறங்கும், இரண்டாவது ஏறும். ஏன் என்று நித்யா எனக்குச் சொல்லியிருக்கிறாள். லேசர் தொட்ட இடம் கண் இமைப்பதற்குள் இறுகிவிடுகிறது. அலுமினியத்தில் கலந்திருக்கும் சிலிக்கான் அந்த அவசரத்தில் வலை மாதிரிப் பின்னிக்கொண்டு நிற்கிறது. அந்த வலைதான் பலம். அதுதான் விறைப்பும். பர்னஸ் சூட்டில் வலை அறுந்து சின்னச் சின்ன உருண்டையாகிறது. பலம் கொஞ்சம் போகும். வளைந்து கொடுக்கும் குணம் வரும். எட்டாவது படித்த எனக்கே இது ஒரு டீ குடிக்கும் நேரத்தில் புரிந்தது.

அறைக்கு வருகிறேன். முதலாளிக்கு ஒரு ஆசை வந்திருந்தது. கொல்லிமலையில் மிளகு பறிக்கிறவர்களுக்கு எங்கள் கம்பெனி ஒரு கொக்கி செய்து கொடுக்க வேண்டும். மலையில் மிளகுக் கொடியை சில்வர் ஓக் மரத்தில் ஏற்றியிருப்பார்கள். பறிக்க ஒற்றை மூங்கில் ஏணி. ஏணியின் தலையில் இரும்புக் கொக்கி, அது மரத்தைக் கவ்விக்கொள்ளும். இரும்பு கனம். மரத்துக்கு மரம் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அலுமினியத்தில், உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை விட்டுச் செய்தால் ஒரு தேங்காய் கனம்கூட வராது. நல்ல யோசனை. அதைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஊர் அதே மலையில் வாழவந்தி நாடு. கல்யாணத்துக்குப் பிறகுதான் கீழே சேந்தமங்கலம் பக்கம் வந்தேன். அந்த இரும்பை நானும் தூக்கியிருக்கிறேன்.

மாப்பிள்ளை சார் இரண்டு ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார்.

"பாருங்க மாமா. பிரிண்ட்ல இருந்து எறங்கினப்ப இந்த ஸ்ட்ரெங்த். பர்னஸுக்குப் போயிட்டு வந்தா இவ்வளவுதான். நம்ம மெட்டீரியலை நம்ம பர்னஸே கெடுக்குது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கெடுத்தவள் நான்.

"சூடு ஏதாச்சும் கூட்டி வெச்சுட்டீங்களாம்மா?" என்றார் முதலாளி.

"இல்லீங்க. எப்பவும் வெக்கற சூடுதானுங்க. பலம் கொறையும், நீட்சி கூடும். அடுத்த பக்கத்துல இருக்குதுங்க."

அடுத்த பக்கத்தை யாரும் திருப்பவில்லை.

"நீண்டு என்னங்க பண்றது?" என்றார் போஸ்டர்காரர். "கொக்கியா, ரப்பர் பேண்டா?"

சிரித்தார்கள். நித்யா சிரிக்கவில்லை. ஆனால் நோட்டில் எதையோ மும்முரமாக எழுதினாள். ஆறு மாதத்தில் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"ஒடையறதுக்கு முன்னாடி வளையோணுமில்லீங்களா?" என்றேன்.

"ஏங்க வளையணும்?" என்றார் மாப்பிள்ளை சார். "வளையாததுதாங்க ஸ்ட்ராங். இத்தனை வருஷம் பர்னஸ் முன்னாடி நின்னுட்டு இது தெரியாதா?"

போஸ்டர்காரர் முதல் எண்ணைக் குறித்துக்கொண்டார். பெரிய எழுத்தில் போட வசதியாக அது மூன்று இலக்கத்தில் இருந்தது. கொக்கிக்கு பர்னஸ் கிடையாது என்று முடிவாயிற்று.

இதில் என் தப்பு எது என்று தெரிகிறதா? நான் ஒரு தடவை கேட்டேன். பதில் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

என்னை பர்னஸ் வேலைக்குப் பழக்கியவர் ஒரு மேஸ்திரி. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. எந்த உலோகம் புதிதாக வந்தாலும் ஒரு துண்டை பட்டறை இடுக்கியான வைஸில் இறுக்கி, குழாயைச் செருகி, உடைகிற வரை இழுப்பார். "சொல்லிட்டுச் சாகுதா, சொல்லாமச் சாகுதான்னு பாரு. சொல்லாமச் சாகறத ஆளுங்க கையில குடுக்காதே." இவ்வளவுதான் அவர் நடத்திய வகுப்பு. எனக்கு அது தெரியும். வைஸ் என் பர்னஸுக்கு எட்டடி தூரத்தில் இருந்தது. முதல் கொக்கி இறங்கிய அன்று நான் அதை வைஸில் வைக்கவில்லை. எனக்கு நாற்காலி இல்லை என்பது சாக்கு. கை இருந்தது.

கொடுக்கும் விழாவை வாசலூர்பட்டியில் படகுத்துறை ஏரிக்கரையில் வைத்தார்கள். அங்கே மிளகு மரமே கிடையாது. போட்டோவில் தண்ணீர் அழகாக விழும். மிளகு பறிக்கிற பதினான்கு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து வரிசையாக நிறுத்தினார்கள். கொக்கி வெள்ளியாட்டம் மின்னியது. ஒவ்வொன்றின் கழுத்திலும் நம்பர் பொறித்திருந்தது. நித்யா நம்பருக்கு எதிரே பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கினாள்.

செல்லாயி என்றொரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், கொக்கியைத் தட்டிப் பார்த்து காதில் வைத்துக் கேட்டார்.

"ஏனுங்க, இது ஒடைஞ்சா யாருகிட்ட வாரது?"

"ஒடையாதுங்கம்மா," என்றார் மாப்பிள்ளை சார்.

"ஒடையாத சாமான் ஒண்ணு இருக்குதுங்களா? நான் கேள்விப்பட்டதே இல்லீங்க."

"லேசர்ல செஞ்சதுங்க."

"அப்பச் சரி. லேசருகிட்டயே வாரேன்."

மாப்பிள்ளை சார் அதைப் பாராட்டு என்று நினைத்து வணக்கம் சொன்னார். அந்தப் போட்டோ போஸ்டரில் வந்தது.

இரண்டு வாரம் கழித்து, காலை பஸ்ஸில் கண்டக்டர் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைக் கொண்டுவந்து கேட்டில் கொடுத்தார். உள்ளே கொக்கி, இரண்டு துண்டாக. வாழவந்தி நாட்டுச் சடையனுடையது. முந்தைய நாள் ஏணியோடு விழுந்திருக்கிறார். கீழே காபிச் செடி இருந்ததால் தோள்பட்டை எலும்போடு போயிற்று. காபிச் செடிக்கு எந்த ரிப்போர்ட்டும் கிடையாது. அது வளைந்து கொடுத்தது.

உடைந்த முகத்தைப் பார்த்தேன். வெட்டின மாதிரி நேராக இருந்தது. எங்கும் ஒரு இழுபட்ட தடம் இல்லை. சொல்லாமல் செத்திருந்தது.

மறுபடி அதே அறை. போஸ்டர்காரர் மட்டும் இல்லை. போஸ்டர் நல்லபடியாக முடிந்துவிட்டது.

"ஓவர்லோடா இருக்கும்," என்றார் மாப்பிள்ளை சார். "மூட்டையோட ஏறியிருப்பாரு."

"மூட்டையோட மரத்துல ஏற மாட்டாங்க சார்," என்றாள் நித்யா. இந்த முறை நோட்டை மூடி வைத்திருந்தாள். "நான் வந்த ஒடனே பாத்தேன். டெஸ்ட் கம்பியை நாம படுக்க வெச்சு பிரிண்ட் பண்ணோம். கொக்கியை நிக்க வெச்சுப் பண்ணோம். பிளேட்ல நெறைய அடங்கும்னு. பரப்புக்கும் பரப்புக்கும் நடுவுலதான் பிரிஞ்சிருக்குது. நாம போஸ்டர்ல போட்டது கம்பியோட நம்பர். கொக்கியோடது இல்ல."

படுத்துக்கொண்டு எடுத்த மதிப்பெண்ணை நிற்கிறவனுக்குக் கொடுத்திருக்கிறோம்.

"ஒண்ணுதானே ஒடைஞ்சிருக்கு," என்றார் மாப்பிள்ளை சார். ரிப்போர்ட் எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் 'பயன்படுத்தியவர் தவறு' என்று எழுதினார். "மத்தவங்களுக்கு லெட்டர் போடுவோம். ஜாக்கிரதையா யூஸ் பண்ணச் சொல்லி."

"நாலு நாள்ல கோயமுத்தூர்ல கண்காட்சி," என்றார் முதலாளி. "அது முடியட்டும். திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

"பதிமூணு பேரு இப்ப மரத்து மேல இருக்கறாங்க," என்றேன்.

"அதுக்கு இப்ப என்னம்மா பண்றது?"

"போயி வாங்கிட்டு வாரேனுங்க. வண்டி குடுத்தா வண்டியில போறேன். இல்லாட்டிப் பஸ்ஸுல போறேன். பஸ்ஸுல போனா, எதுக்குப் போறேன்னு கேப்பாங்க. நான் பொய் சொல்ல மாட்டேனுங்க. அடிவாரத்துப் பேளுக்குறிச்சி தாண்டறதுக்குள்ள பஸ்ஸு பூராத் தெரிஞ்சுரும்."

முதலாளி புத்திசாலி. உடனே டிரைவரைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை சாரையும் நித்யாவையும் கூட அனுப்பினார்.

மலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. இருபதாவதில் மாப்பிள்ளை சார் பேசுவதை நிறுத்தினார். நாற்பதாவதில் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஓரமாகப் போய்க் குனிந்து நின்றார்.

"சார், வளையாததுதானுங்க ஸ்ட்ராங்," என்றார் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. அந்தக் கதை அதற்குள் டிரைவர் வரை வந்துவிட்டது. நான் சொல்லவில்லை.

போன் பண்ணியிருக்கலாமே என்று உங்களில் ஒருவர் கேட்பார். டவர் இருக்கிற இடத்தில் மிளகு இல்லை. மிளகு இருக்கிற இடத்தில் டவர் இல்லை. நித்யா லிஸ்ட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தோட்டமாக நடந்தோம்.

வாங்குவது சுலபம் என்று நினைத்தேன். அதுவும் தப்பு. கொடுத்த சாமானைத் திருப்பிக் கேட்டால் யார் கொடுப்பார்?

"நல்லாத்தானுங்க இருக்குது," என்றார் ஒருவர். "சடையன் எதைக் குடுத்தாலும் ஒடைப்பானுங்க. அவன் சைக்கிளப் பாத்திருக்கறீங்களா?"

இன்னொருவர் மாட்டுக் கொட்டகையில் தீவனக் கூடை மாட்டி வைத்திருந்தார். ஒரு வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில், குங்குமம் வைத்து. "மரத்துல ஏத்த மனசு வரலீங்க. அம்புட்டு மினுமினுப்பு." பதினான்கு பேரில் எங்கள் கொக்கியைச் சரியாகப் பயன்படுத்தியவர் அவர்தான்.

மாப்பிள்ளை சார் ஒவ்வொரு இடத்திலும் நுணுக்கமாக விளக்கினார். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டு முடித்து என்னிடம் திரும்பி, "என்னுங்க சொல்றாரு?" என்பார்கள்.

"இது ஒடையும். ஒடையறப்ப சொல்லாது."

உடனே ஏணியில் இருந்து கழற்றிக் கையில் கொடுத்தார்கள்.

நாலு மணிக்குள் பதினொன்று சாக்கில் விழுந்தது. பன்னிரண்டாவது செல்லாயியம்மா. தோட்டத்தில் ஏணிக்குக் கீழே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கொக்கியை வாங்கிப் பார்த்தேன்.

கொக்கி வளைந்திருந்தது. ஒரு தடவை அல்ல. விரிந்து, மறுபடி உள்ளே தட்டி, மறுபடி விரிந்த தடம். உடலில் ஒரு கீறல் இல்லை. கறுத்துப் போயிருந்தது.

"இது எப்படிங்க வளைஞ்சுது?" என்றேன்.

"எம்மரம் பெருத்த மரம் அம்மிணி. இதுக்கு வாய் பத்தல. சரி, விரிக்கலாம்னு கல்லுல வெச்சுத் தட்டினேன். ங்ஙிணுன்னு கத்துதே ஒழிய அசையல. இது வேகலடீன்னு அடுப்புச் சாம்பல்ல போட்டு மூடிட்டேன். கூட நாலு மரவள்ளிக் கெழங்கும் போட்டேன். கெழங்கு வெந்துச்சு, இதையும் எடுத்தேன். அப்பறம் தட்டினதுக்கு அடங்குச்சு."

மாப்பிள்ளை சாருக்கு முகம் சிவந்தது. "யாருங்க உங்களை அடுப்புல போடச் சொன்னது? மெட்டீரியல் பிராப்பர்ட்டியே போயிருக்கும்! ஸ்ட்ரெங்த் பூரா போச்சு!"

"போச்சுங்களா? அது போனதுல இருந்துதான் சாமி பயமில்லாம ஏறறேன். காலையில கீழ நின்னு வாயப் பாப்பேன். விரிஞ்சிருந்தா எறக்கித் தட்டிக்குவேன். ஒரு தடவ மேல நிக்கறப்பவே மெதுவா விரிஞ்சுது. ஏணி ஆடறது காலுக்குத் தெரிஞ்சுது. எறங்கிட்டேன்."

நித்யா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நான் அறையில் வாயை மூடிக்கொண்டு நிறுத்தி வைத்த வேலையை, இந்த அம்மா சாம்பலில் முடித்திருக்கிறார். சாம்பல் சூடு பர்னஸ் சூட்டுக்குக் கிட்டத்தில் இருந்திருக்கிறது. தெர்மாமீட்டர் மரவள்ளிக் கிழங்கு.

"இதையும் குடுங்கம்மா," என்றேன்.

"எதுக்கு? இது நல்லதுன்னு உம்மூஞ்சியே சொல்லுதே."

"நல்லதுதானுங்க. ஆனா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெந்துச்சான்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியாம உங்கள மேல ஏத்த மாட்டேன்."

"அட, கெட்டதப் பூராக் குடுத்தீங்க. நல்லது ஒண்ணே ஒண்ணு, அதையும் நானா செஞ்சது, அதப் புடுங்கிட்டுப் போறீங்க." சாக்கில் அவரே போட்டார். "கெழங்கும் வேணுமா?"

இங்கே ஒன்று சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக வந்த சாமான் ஏன் நன்றாக வந்தது என்று தெரியாவிட்டால் அதையும் திருப்பி வாங்குங்கள். திட்டுவார்கள். திட்டு வாங்குங்கள்.

பதின்மூன்றாவது கொக்கி, வாங்கியவர் வீட்டில் இல்லை. மச்சான் பொன்னனுக்கு இரவல் கொடுத்திருந்தார். பொன்னன் எங்கள் ஊர்க்காரர், தோட்டம் மேட்டில். வண்டி போகாது. ஏறிப் போனோம்.

மூன்று ஆள் உயரத்துக்கு மேல், மரத்தின் பாதியில் அவர் நின்றுகொண்டிருந்தார். கால் ஏணிக் கணுவில். ஒரு கை கொடியில். இடுப்பில் பை. கொக்கி வெயிலில் மின்னியது. கீழே காபிச் செடி இல்லை. பாறை.

மாப்பிள்ளை சார் கத்துவதற்கு வாயைத் திறந்தார். அவர் கையைப் பிடித்து இறுக்கினேன். இறங்கு என்று கத்தினால் அவசரமாக இறங்குவார். அவசரமாக இறங்கினால் ஏணி குலுங்கும். குலுக்கல் ஒன்று போதும் அதற்கு. முதல் முறையாக அவர் நான் சொன்னதைக் கேட்டார், நான் ஒன்றும் சொல்லாமலே.

"பொன்னண்ணா," என்றேன், சாதாரணமாக.

"ஆரு? அட, நீயா அம்மிணி. எப்ப வந்தே?"

"இப்பத்தானுங்ண்ணா. அவசரமில்ல. ரெண்டு கையாலயும் மரத்தப் புடிச்சுக்கறீங்களா?"

"எதுக்கு?"

"புடிச்சுக்குங்க, சொல்றேன்."

"கொடி நசுங்குமே."

"நசுங்கட்டுமுங்க."

"உன்ற ஊட்டுக் கொடியா இது?" என்றாலும் பிடித்துக்கொண்டார்.

"காலையும் மரத்துக்குக் கொண்டாங்க. மெதுவா. ஏணிய ஒதைக்காதீங்க."

"வெளையாடறியா?"

"இல்லீங்கண்ணா."

என் குரலில் என்ன கேட்டதோ, அவர் பேச்சை நிறுத்தினார். ஒரு கால் மரத்துக்கு வந்தது. பிறகு மற்றது. நித்யா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை அவள் இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"வந்துட்டேன். இப்பச் சொல்லு."

"இப்படியே மரத்தோடயே எறங்கிருங்க. எறங்கின பொறவு சொல்றேன்."

மரத்தைக் கட்டிக்கொண்டே சறுக்கி வந்தார். மிளகுச் சரம் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பாதி மரத்துக் கொடி போயிற்று. நெஞ்சும் முழங்கையும் தோலுரிந்து தரையில் நின்றதும் அவர் திட்டிய திட்டில் பாதியை எழுத முடியாது. சிலது நானே அன்றுதான் கேட்டேன். எல்லாவற்றையும் மாப்பிள்ளை சார் பார்த்துத்தான் திட்டினார். பேண்ட் சட்டை போட்டிருந்தவர் அவர்தான்.

காரணத்தைச் சொன்னதும் பொன்னன் ஏணியை அண்ணாந்து பார்த்தார். தரையில் உட்கார்ந்துகொண்டார். பிறகு நீண்ட கழியால் நானும் டிரைவரும் ஏணியை நெம்பி இறக்கினோம்.

அதற்குப் பிறகு கொக்கிகள் படுக்க வைத்துச் செய்யப்பட்டு, பர்னஸுக்குப் போய் வந்தன. உள்ளே விட்ட ஓட்டைகளை நித்யா குறைத்தாள். மலையில் கொடுக்கும்போது முதலில் ஒன்றை அவர்கள் கண் முன்னால் வளைத்துக் காட்டினோம். செல்லாயியம்மா இரண்டு வளைக்கச் சொன்னார். பலம் பழைய போஸ்டரை விடக் குறைவுதான். ஆளுக்குத் தேவையானதற்கு மேல் பல மடங்கு அப்போதும் மிச்சமிருந்தது. அந்தக் கணக்கை முதல் நாளே யாராவது போட்டிருந்தால், குறைகிற எண்ணைப் பார்த்து யாரும் பயந்திருக்க மாட்டார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று பள்ளிக்கூடத்தில் பழக்கிவிடுகிறார்கள். நான் சீக்கிரம் நின்றுவிட்டேன்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. மலையில் இருந்து வந்த மறுநாள் காலை நடந்ததைச் சொல்லி நிறுத்துகிறேன்.

சாக்கை உருக்கப் போடச் சொல்லிவிட்டார் முதலாளி. நான் வைஸ் பக்கம் கொண்டு போனேன். இந்த முறை யாரையும் கேட்கவில்லை. மாப்பிள்ளை சார் பின்னாலேயே வந்தார்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"இழுத்துப் பாக்கறனுங்க. முதல்லயே பாத்திருக்கோணும்."

"குடுங்க, நான் இழுக்கறேன்," என்றார்.

சாக்கில் கையை விட்டுக் கிடைத்ததை எடுத்து வைஸில் இறுக்கினார். குழாயைச் செருகினார். இழுத்தார். கொக்கி மெதுவாக விரிந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் விரிந்தது. உடையவில்லை. முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

"பாத்தீங்களா! நான் அப்பவே சொன்னேன்."

"சார், அது செல்லாயியம்மா வேக வெச்சது," என்றேன். "நாம செஞ்சத எடுங்க."

அடுத்ததை எடுத்தார். பாதி இழுப்பில் டப் என்றது. துண்டு தெறித்துச் சுவரில் பட்டது.

நித்யா லிஸ்ட்டோடு வந்து நின்றிருந்தாள். "நம்பர் ஏழு," என்று படித்தாள்.

"நம்பர் வேண்டாம் கண்ணு," என்றேன். "பேரப் படி."

"குப்பன்."

அடுத்தது. டப்.

"ராமாயி."

டப்.

"வெள்ளையன்."

மெஷின் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். நான்காவதில் மாப்பிள்ளை சார் நித்யாவைப் பார்த்தார், போதும் என்பது போல. அவள் லிஸ்ட்டில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் குனிந்து அடுத்ததை எடுத்தார். எட்டாவதில் அவருக்கு வியர்த்து வழிந்தது. இழுப்பதற்கு அவ்வளவு பலம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் அவருக்கு இப்போது தெரியும். நேற்று நேரில் பார்த்திருந்தார்.

கடைசி நம்பருக்கு எதிரே, அதை இரவல் கொடுத்தவரின் பெயர்தான் இருந்தது. நித்யா அதைப் படிக்கவில்லை. "பொன்னன்," என்றாள்.

டப்.

சாக்கு காலி. மாப்பிள்ளை சார் குழாயைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு நித்யாவிடம் இருந்து சடையன் ரிப்போர்ட்டை வாங்கினார். உடைந்தவை என்ற கட்டத்தில் பன்னிரண்டு என்று எழுதினார். எழுதியதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதே தாளில் மேல் வரிக்குப் போய், சடையனுக்கு எதிரே தான் எழுதியிருந்த 'பயன்படுத்தியவர் தவறு' என்பதை அடித்தார். கீழ் வரிக்கு வந்து பன்னிரண்டையும் அடித்தார். பக்கத்தில் எழுதினார்.

பதின்மூன்று.